பிள்ளையின் மூளையில் வெள்ளை ஏறும் காலம்

ஐந்தாம் தரப் பிள்ளைகளின் புலமைப்பரிசில் பரீட்சைப் பெறுபேறு வந்த கிழமை அது. வெள்ளவத்தையில் நான் உயிரியல் வகுப்பு எடுக்கும் வீட்டு வாசலில் ஒரு தாய் மகனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். மூத்த மகள் என்னிடம் உயர்தரம் படிக்கிறாள். இளையவனுக்கு வெட்டுப்புள்ளிக்கு நாலு புள்ளி குறைந்துவிட்டது. "மிஸ், பத்து வயசோட மூளை வளர்ச்சி முடிஞ்சிடுமாமே. இனி இவனுக்கு ஒண்டும் செய்ய ஏலாதா?" என்று கேட்டார். பையன் செருப்பு நுனியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அதே கிழமை இன்னொரு மாணவனின் தகப்பன் சொன்னது நேர்மாறு. "இருபத்தஞ்சு வயசு வரைக்கும் பொடியன்களுக்கு மூளை முழுசா வேலை செய்யாதாம் மிஸ். வட்ஸ்அப்ல வந்தது. அதுதான் இவன் சொல்றதைக் கேக்கிறான் இல்ல."

ஒருவருக்குப் பத்து வயதில் கதவு மூடிவிட்டது. மற்றவருக்கு இருபத்தைந்து வரை கதவு திறக்கவே இல்லை. இரண்டு பேச்சும் ஒரே விஷயத்திலிருந்து பிறந்தவைதான். மூளைக்குள் வெள்ளை நிறமாக இருக்கும் ஒரு பகுதி பிறப்பிலிருந்து இளமைக்காலம் தாண்டியும் மெல்ல மெல்ல வளர்கிறது என்பதே அந்த விஷயம். அதைச் சரியாக விளங்கிக்கொண்டால் அந்தத் தாய் அன்றிரவு நிம்மதியாகத் தூங்கியிருப்பார். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஆட்டு மூளையை வெட்டிப் பார்த்தால்

பரீட்சை நெருங்கினால் என் அம்மம்மா இறைச்சிக்கடையில் சொல்லிவைத்து ஆட்டு மூளை வாங்குவார். கழுவி, மேலே இருக்கும் மெல்லிய சவ்வை உரித்து, மஞ்சள் தடவி வைப்பார். சமைக்கும் முன் கத்தியால் இரண்டாக வெட்டும்போது நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். வெளியோரம் முழுக்க மங்கலான சாம்பல் கலந்த இளஞ்சிவப்பு. உள்ளே கட்டியான பால்வெள்ளை. பொரித்தால் இந்த வித்தியாசம் மறைந்துவிடும். பச்சையாக இருக்கும்போது தெளிவாகத் தெரியும்.

மனித மூளையும் இப்படித்தான். வெளியோரத்துச் சாம்பல் பொருளில் நரம்புக்கலங்களின் உடல்கள் இருக்கின்றன. கணக்குப் போடுவதும் முகத்தை அடையாளம் காண்பதும் சொல்லைத் தேடி எடுப்பதும் பெரும்பாலும் அங்கே நடக்கின்றன. உள்ளே இருப்பது வெண்பொருள். ஒவ்வொரு நரம்புக்கலத்திலிருந்தும் செய்தியைத் தூரத்துக்குக் கொண்டுபோக ஒரு நீண்ட இழை புறப்படும். அதை நரம்பிழை என்று சொல்லிக்கொள்வோம். கோடிக்கணக்கான நரம்பிழைகள் கட்டுக்கட்டாக ஓடும் இடமே வெண்பொருள்.

2003இல் டென்மார்க் ஆய்வாளர்கள் இந்த இழைகளின் நீளத்தைக் கணித்தார்கள். 20 வயது ஆணின் மூளையில் உறை போட்ட நரம்பிழைகளை ஒன்றன்பின் ஒன்றாக நீட்டினால் சுமார் 176,000 கிலோமீற்றர் வரும். பெண்ணின் மூளையில் சுமார் 149,000. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் 400 கிலோமீற்றர் அளவு. அப்படியானால் ஏறத்தாழ 200 தடவை யாழ்ப்பாணம் போய்த் திரும்பும் தூரம் ஒரு மண்டைக்குள் மடிந்து கிடக்கிறது. (ஆண், பெண் வித்தியாசத்தைப் பார்த்து உடனே முடிவு கட்டவேண்டாம். சராசரியாக ஆண்களின் உடம்பைப் போலவே தலையும் சற்றுப் பெரிது. நீளத்துக்கும் கெட்டித்தனத்துக்கும் முடிச்சுப் போடமுடியாது.)

வெள்ளை எங்கிருந்து வந்தது?

வெண்பொருளின் நிறம் கொழுப்பின் நிறம். நரம்பிழையைச் சுற்றி, ரொட்டி மாவைச் சுருட்டியதுபோலப் பல அடுக்காக ஒரு கொழுப்பு உறை சுற்றப்பட்டிருக்கிறது. இதன் பெயர் மயலின். 1854இல் ஜெர்மன் மருத்துவர் ருடொல்ஃப் வெர்கோ வைத்த பெயர். தண்ணீரை நீக்கிவிட்டுப் பார்த்தால் மயலினில் ஏறத்தாழ 70 சதவீதம் கொழுப்பு வகைகள், மிச்சம் புரதம்.

உறையைச் சுற்றுவதற்கென்றே மூளையில் தனிக் கலங்கள் உண்டு. ஒலிகோடென்ட்ரோசைட்டு என்று பெயர். இனி அவற்றை உறைக்கலம் என்றே சொல்கிறேன். ஒரே உறைக்கலம் பல கைகளை நீட்டி, பல நரம்பிழைகளில் பல டசின் இடங்களில் உறை சுற்றும்.

பெரும்பாலான விளக்கங்கள் இந்த இடத்தில் "வயருக்குப் பிளாஸ்டிக் உறை போட்டதுபோல" என்று சொல்லி நின்றுவிடும். தொடங்குவதற்கு நல்ல உவமைதான். ஆனால் வீட்டு வயரில் உறை இருப்பது கையில் கரண்ட் அடிக்காமல் இருக்க. உறையைக் கழற்றினாலும் பல்ப் அதே வேகத்தில் எரியும். நரம்பிழையில் அப்படியில்லை. அது வழிநெடுக ஓட்டை விழுந்த தண்ணீர்க் குழாய் மாதிரி. மின்சமிக்ஞை போகப் போகச் சுவர் வழியாகக் கசிந்துகொண்டே இருக்கும். அதனால் ஒவ்வொரு அங்குலத்திலும் புதிதாகத் தூண்டித் தூண்டித்தான் செய்தியை நகர்த்தவேண்டும்.

காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறியவர்களுக்கு இந்த அனுபவம் நன்றாகத் தெரியும். கை காட்டுகிற இடமெல்லாம் நிற்கும், ஏற்றும், இறக்கும், மறுபடி கிளம்பும். உறையில்லாத நரம்பிழையில் செய்தி இப்படித்தான் போகிறது. வேகம் செக்கனுக்கு அரை மீற்றரிலிருந்து இரண்டு மீற்றர் வரை. எட்டி நடக்கும் மனிதனின் வேகம்.

மயலின் சுற்றிய இழையில் கசிவு அடைபடுகிறது. உறை தொடர்ச்சியாக இல்லாமல், நடுவில் சின்னச் சின்ன இடைவெளி விட்டே சுற்றப்படும். பிரான்ஸ் விஞ்ஞானி லூயி ரன்வியரின் பெயரால் அந்த இடைவெளி ரன்வியரின் கணு எனப்படுகிறது. செய்தி கணுவில் மட்டும் புதுப்பிக்கப்படும். நடுவில் உள்ள தூரத்தை ஒரே பாய்ச்சலில் கடக்கும். பஸ் போகும் அதே பாதையை ஒட்டிக் கடற்கரையோரம் ஓடும் கடுகதி ரயிலை நினைத்துக்கொள்ளுங்கள். குறித்த நிலையத்தில் மட்டும் நிற்கும், மற்றதையெல்லாம் கடந்துவிடும். உடம்பின் தடித்த, நன்றாக உறையிட்ட நரம்புகளில் செய்தியின் வேகம் செக்கனுக்கு 120 மீற்றர் வரை போகும். மணிக்கு 430 கிலோமீற்றருக்கு மேல். மூளைக்குள் பல இழைகள் மெல்லியவை, அவ்வளவு வேகம் இராது. ஆனாலும் உறைக்கு முன், உறைக்குப் பின் என்ற வித்தியாசம் பெரிது.

வேகத்தோடு இன்னொரு காரியமும் உண்டு. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. கொட்டாஞ்சேனையிலிருந்து ஒருவர், தெஹிவளையிலிருந்து ஒருவர், இருவரும் ஒரே நேரத்தில் புறப்பட்டு பம்பலப்பிட்டிச் சந்தியில் ஒரே நிமிடத்தில் சந்திக்கவேண்டும். தூரம் வேறு, நெரிசல் வேறு. ஒருவர் வேகமான வாகனம் பிடித்தால்தான் நடக்கும். மூளையிலும் வெவ்வேறு இடத்திலிருந்து புறப்படும் செய்திகள் ஒரே கணத்தில் வந்து சேர்ந்தால்தான் அடுத்த நரம்புக்கலம் பலமாகத் தூண்டப்படும். எழுத்தின் வடிவமும் அதன் ஓசையும் ஒன்றாக வந்து சேரும்போது வாசிப்பு நடக்கிறது. எந்த இழைக்கு எவ்வளவு தடிப்பாக உறை போடுவது என்பது இந்த நேரப் பொருத்தத்தைச் சரிசெய்யும் வேலையும்தான்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: வெண்பொருள் என்பது மூளையின் பகுதிகளை இணைக்கும் இழைக்கட்டுகள். அவற்றை வெள்ளையாக்குவது மயலின். மயலின் கசிவை அடைக்கிறது, செய்தியை வேகப்படுத்துகிறது, நேரம் பொருந்தச் செய்கிறது.

எது முதலில், எது கடைசியில்?

இந்த உறை ஒரே நாளில் மூளை முழுவதும் ஏறுவதில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் போல் ஃப்ளெக்சிக் என்ற மருத்துவர் குழந்தைகளின் மூளைகளை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்து, எந்தப் பகுதியில் முதலில் மயலின் வருகிறது என்று ஒரு வரிசை போட்டார். உயிர் தரிக்கத் தேவையான கீழ்ப்பகுதிகள் முதலில். பிறகு பார்வை, தொடுகை, அசைவு. பலவற்றையும் சேர்த்து யோசிக்கும் பகுதிகள் கடைசியில்.

வீட்டில் கைக்குழந்தை இருந்தால் இதன் ஒரு துண்டைக் கண்ணாலேயே காணலாம். குழந்தை படுத்திருக்கும்போது அதன் உள்ளங்காலின் வெளியோரத்தைக் குதிகாலிலிருந்து விரல் பக்கமாக மெல்ல வருடினால், பெருவிரல் மேலே எழும்பும், மற்ற விரல்கள் விசிறிபோல் விரியும். பெரியவர்களுக்கு அப்படிச் செய்தால் விரல்கள் கீழ்நோக்கி மடங்கும். மூளையிலிருந்து முதுகெலும்புக்குள் ஓடும் முண்ணாணுக்கு இறங்கும் அசைவு இழைகளுக்கு இன்னும் சரியாக உறை ஏறாததால்தான் குழந்தையின் பாதம் அப்படி நடந்துகொள்கிறது. ஒன்றிலிருந்து இரண்டு வயதுக்குள் இது மாறிவிடும். பிள்ளை எழுந்து நடக்கத் தொடங்கும் காலமும் அதுதான். (பார்த்து ரசிக்கலாம். நோய் இருக்கிறதா இல்லையா என்று தீர்மானிப்பது வைத்தியரின் வேலை.)

பள்ளிக்கூட வயதில் மொழி, வாசிப்பு சம்பந்தப்பட்ட கட்டுகள் உறுதியாகின்றன. பதின்ம வயதிலும் அதற்குப் பின்னும் மாறிக்கொண்டே இருப்பவை நெற்றிப் பக்கத்து மூளையை உணர்ச்சி, ஞாபகம் சம்பந்தப்பட்ட பகுதிகளோடு இணைக்கும் கட்டுகள். திட்டமிடுவது, கோபம் வந்தாலும் ஒரு கணம் பொறுப்பது, நண்பர்கள் இழுத்தாலும் யோசித்து முடிவெடுப்பது எல்லாம் இவற்றை நம்பியிருக்கின்றன.

2022இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மூளைப் படங்களைச் சேர்த்து, மருத்துவிச்சி வைத்திருக்கும் நிறை வரைபுபோல மூளைக்கும் ஒரு வளர்ச்சி வரைபு வெளியிட்டார்கள். அதன்படி மூளையின் வெளிப்பட்டையிலுள்ள சாம்பல் பொருளின் அளவு ஆறு வயதுக்குச் சற்று முன் உச்சத்துக்குப் போகிறது. வெண்பொருளின் அளவு உச்சத்தைத் தொடுவது சராசரியாக 28.7 வயதில்.

அந்தத் தாய் கேட்டதற்கும் தகப்பன் சொன்னதற்கும் பதில் இந்த இரண்டு எண்களில் இருக்கிறது. மூளையின் பருமன் சிறுவயதிலேயே பெரும்பாலும் வந்துவிடுவது உண்மை. அதைக் கேட்டுத்தான் "பத்தோடு முடிந்தது" என்ற பேச்சு உருவாகியிருக்கவேண்டும். வெண்பொருள் உச்சத்தைத் தொடும் வயதோடு ஒப்பிட்டால் பத்து வயது என்பது பாதிக் காலம் கூட இல்லை. இருபத்தைந்து என்ற எண்ணுக்கும் தனி மகிமை கிடையாது. தொடக்கத்தில் வந்த பெரிய ஆய்வுகள் பல, இருபதுகளின் முற்பகுதி வரை உள்ளவர்களையே படமெடுத்தன. அங்கேயும் கோடு மேலே போய்க்கொண்டுதான் இருந்தது. ஆய்வு நின்ற இடத்தை வளர்ச்சி நின்ற இடமாக ஊர் எடுத்துக்கொண்டது. அந்தக் கோட்டில் எந்த வயதிலும் படிக்கட்டு இல்லை, மெதுவான ஏற்றம்தான். பதினேழு வயதுப் பையனின் மூளை வேலை செய்கிறது. ஆறுதலாக இருந்து யோசிக்கும்போது அவன் பெரியவர்களுக்கு நிகராகவே யோசிக்கிறான். உணர்ச்சி கொதிக்கும்போதும் கூட்டாளிகள் சுற்றி நிற்கும்போதும்தான் தடுமாறுகிறான்.

உயிரோடு இருப்பவரின் மூளைக்குள் எப்படிப் பார்க்கிறார்கள்?

ஈர்க்குக்கட்டு ஒன்றின் மேல் தண்ணீர் ஊற்றினால் அது ஈர்க்குகளின் நீளவாட்டில் வழிந்தோடும். குறுக்கே போவது கஷ்டம். மணலில் ஊற்றினால் எல்லாப் பக்கமும் பரவும். எம்.ஆர்.ஐ. இயந்திரத்தால் மூளைக்குள் தண்ணீர் மூலக்கூறுகள் எந்தத் திசையில் அதிகம் நகர்கின்றன என்று அளக்கமுடியும். ஒரே திசையில் ஓடினால் அங்கே இழைகள் ஒழுங்காக, நெருக்கமாக இருக்கின்றன என்று ஊகிக்கலாம். 1990களில் வளர்ந்த இந்த முறையைப் பரவற்படம் என்று சொல்லலாம்.

இந்தப் படம் மயலினை நேரே காட்டுவதில்லை. தண்ணீரின் ஓட்டத்தைக் காட்டுகிறது. இழை தடித்திருந்தாலும், நெருக்கமாக அடுக்கியிருந்தாலும், இரண்டு கட்டுகள் குறுக்கே வெட்டினாலும், பிள்ளை படமெடுக்கும்போது தலையை ஆட்டினாலும் எண் மாறும். ஒரு தனிப் பிள்ளையின் படத்தைப் பார்த்து "இவன் கணிதத்தில் கெட்டிக்காரனாக வருவான்" என்று உலகில் எந்த வைத்தியராலும் சொல்ல ஏலாது. அப்படிச் சொல்லிக் காசு கேட்டால் எழும்பி வந்துவிடுங்கள்.

சிந்தனைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நூற்றுக்கணக்கான பிள்ளைகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு போக்கு தெரிகிறது. வெண்பொருளின் ஒழுங்கு கூடக் கூட, எளிய கேள்விகளுக்குப் பதில் தரும் வேகமும் கூடுகிறது. தகவலைக் கையாளும் வேகம் என்று இதைச் சொல்வார்கள். மனதில் இரண்டு மூன்று விஷயங்களைப் பிடித்துவைத்துக்கொண்டு வேலை செய்யும் திறனிலும், வாசிப்பிலும் இப்படிப்பட்ட தொடர்பு காணப்பட்டிருக்கிறது.

ஆனால் அந்தத் தொடர்பு சின்னது. சராசரியில் தெரியும், தனிப் பிள்ளையில் கரைந்துபோகும். என் வகுப்பில் முன்வரிசையில் இருக்கும் ஒரு பிள்ளை கேள்வி முடியுமுன் கையைத் தூக்குவாள். சுவரோரம் இருப்பவள் கொப்பியின் மூலையில் பென்சிலால் சிறிய அம்புக்குறிகள் போட்டு, ஒன்றை அழித்து, மறுபடி போட்டு, மற்றவர்கள் அடுத்த கேள்விக்குப் போனபிறகு பதில் சொல்வாள். வரைபடக் கேள்விகளில் அவளுடைய விடை பெரும்பாலும் சரியாக இருக்கும். அவளை மெதுவானவள் என்று ஒதுக்கியிருந்தால் எவ்வளவு பெரிய பிழை செய்திருப்பேன்! வேகம் சிந்தனையின் ஒரு பகுதி. பத்து வயதுப் பிள்ளையை மணிக்கூட்டோடு போட்டிக்கு விட்டு, அந்த ஒரு காலைப்பொழுதை வைத்து அவனுடைய மூளைக்கு விலை போடுவதை என்னால் ஏற்கமுடியவில்லை.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. வெண்பொருள் நன்றாக இருப்பதால் திறமை வருகிறதா, பழகப் பழக வெண்பொருள் மாறுகிறதா? இரண்டும் நடக்கின்றன. 2005இல் சுவீடனில் தொழில்முறைப் பியானோ கலைஞர்களை ஆராய்ந்தபோது, சிறுவயதில் பயிற்சி செய்த மணித்தியாலங்கள் கூடக் கூட, அவர்களின் வெண்பொருளின் சில கட்டுகள் கூடுதல் ஒழுங்காக இருந்தன. 2009இல் ஒக்ஸ்போர்டில் வளர்ந்தவர்களுக்கு மூன்று பந்துகளை மாறி மாறி எறிந்து பிடிக்கப் பழக்கினார்கள். ஆறே கிழமையில் கையையும் கண்ணையும் இணைக்கும் பகுதியில் மாற்றம் தெரிந்தது. 2014இல் லண்டனில் எலிகளில் புதிய உறைக்கலங்கள் உருவாவதைத் தடுத்துவிட்டு, சிக்கலான சக்கரத்தில் ஓடப் பழக்கினார்கள். அந்த எலிகளால் மற்ற எலிகளைப்போலப் பழகமுடியவில்லை. புதிதாக ஒன்றைக் கற்பதற்கே புதிய உறை தேவைப்படுகிறது என்று இதிலிருந்து விளங்குகிறது.

ஆக, பெரிய கூட்டத்தில் தொடர்பு உண்டு, தனி ஆளைப் பற்றி அது தீர்ப்புச் சொல்லாது. பாவனை வெண்பொருளை மாற்றுகிறது. வயது வந்தபின்னும் மாற்றுகிறது.

கொழுப்புக் கொடுத்தால் மயலின் கூடுமா?

என் அம்மம்மாவின் கணக்கு இதுதான், அவருக்கு மயலின் என்ற சொல் தெரியாவிட்டாலும். மூளை தின்றால் மூளை வளரும். ஆனால் மயலினுக்கு வேண்டிய கொலஸ்ட்ரோலை மூளை தானே உள்ளே தயாரித்துக்கொள்கிறது. இரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ரோலை மூளையின் தடுப்புச்சுவர் உள்ளே விடுவதில்லை.

உண்மையில் குறையக்கூடாதது இரும்புச்சத்து. மூளையில் மிக அதிகம் இரும்பு வைத்திருக்கும் கலங்கள் உறைக்கலங்கள்தான். கைக்குழந்தைப் பருவத்தில் இரும்புக் குறைபாடு வந்தால் மயலின் உருவாவது பாதிக்கப்படும். கிளினிக்கில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் இரும்பு மாத்திரையைக் கசக்கிறது என்று அலுமாரியில் ஒளித்துவைக்கும் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு இதை யாராவது எடுத்துச் சொல்லவேண்டும்.

அடுத்தது தூக்கம். எலிகளில், மயலின் உருவாக்கத்தோடு தொடர்புள்ள மரபணுக்கள் தூக்கத்தில் கூடுதலாக வேலை செய்வது 2013இல் காட்டப்பட்டது. 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு 9 முதல் 12 மணித்தியாலமும், பதின்ம வயதினருக்கு 8 முதல் 10 மணித்தியாலமும் தூக்கம் வேண்டும் என்று தூக்க மருத்துவர்கள் சொல்கிறார்கள். விடிய ஐந்தரைக்கு ஒரு வகுப்பு, பள்ளிக்கூடம், பின்னேரம் இன்னொரு வகுப்பு, இரவு பதினொன்றுக்கு வீட்டுப்பாடம் என்று ஓடும் கொழும்புப் பிள்ளைகளை எண்ணிப் பார்த்தால் மனம் கனக்கிறது. வகுப்பு நடத்தும் ஒருத்தியாகத்தான் சொல்கிறேன்.

மற்றது, மனிதர்கள். ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் அநாதை இல்லங்களில் கவனிப்பாரற்று வளர்ந்த பிள்ளைகளின் வெண்பொருள் குறைவாக இருந்தது. அதே இல்லங்களிலிருந்து வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போன பிள்ளைகளின் வெண்பொருள், சொந்த வீட்டில் வளர்ந்தவர்களுடையதிலிருந்து பெரிதாக வேறுபடவில்லை. மடியில் வைத்துக் கதைப்பதும் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதும் மூளைக்குள் தடம் பதிக்கின்றன.

கண்ணைக் கட்டி வாசிக்கப் பழக்கும் வகுப்புகளும், "வலது மூளையைத் திறக்கும்" வகுப்புகளும் இந்த ஆய்வுகளின் பெயரைச் சொல்லி நடத்தப்படுகின்றன. இடது, வலது மூளைகளை இணைக்கும் வெண்பொருள் பாலத்தில் சுமார் 20 கோடி இழைகள் உள்ளன. அவை இரவு பகலாக இரண்டு பக்கத்தையும் பேசவைத்துக்கொண்டேதான் இருக்கின்றன. பூட்டாத கதவைத் திறப்பதற்குக் கட்டணம் கட்டத் தேவையில்லை.

அன்று வாசலில் நின்றே இதில் பாதியை அந்தத் தாய்க்குச் சொன்னேன். 28.7 என்ற எண்ணை இரண்டு தரம் கேட்டார். பிறகு, "அப்ப மிஸ், ஒவ்வொரு கிழமையும் ஆட்டு மூளை வாங்கிக் குடுக்கிறன், அதை நிப்பாட்டவா?" என்றார்.

"அவனுக்கு விருப்பமெண்டால் குடுங்க. இரும்புச்சத்துக்கு எண்டால் ஈரல் நல்லது" என்றேன்.

பையன் அப்போதுதான் முதல்தடவையாக நிமிர்ந்து பார்த்தான். "எனக்கு ரெண்டும் விருப்பமில்ல, மிஸ். கீரை சாப்பிடுவன்" என்றான்.

"கீரையிலயும் இரும்பு இருக்கு. கூடவே ஒரு துண்டு தேசிக்காய் பிழிஞ்சு சாப்பிடு, அப்பத்தான் உடம்பில நல்லாச் சேரும்" என்றேன். ஏன் தேசிக்காய் என்று கேட்டான். தாய் அவசரப்படுத்தினார், இருட்டிக்கொண்டு வந்தது. அவன் நகரவில்லை. வாசற்படியில் அவனை உட்காரவைத்து, விற்றமின் சியிலிருந்து தொடங்கினேன்.